பந்தி நம்ம வீட்டுலதான்

என் அண்ணியால் எதையும் மறைக்க முடியாது. "யாருகிட்டயும் சொல்லாத" என்று ஆரம்பித்து அவளிடம் ஒன்றைச் சொன்னால், அவள் முகம் வயிற்றுவலிக்காரியின் முகம்போல ஆகிவிடும். "அப்ப எங்கிட்டயும் சொல்லாத கலை. என்னால முடியாது" என்று இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். குழம்பில் உப்புப் போட மறந்த நாட்களில், நாங்கள் வாயில் வைப்பதற்கு முன்பே அவளே சொல்லிவிடுவாள். "இன்னிக்கு உப்புப் போட மறந்துட்டேன். பக்கத்துல வச்சிருக்கேன், போட்டுக்குங்க." மறந்தது தெரிந்த பிறகாவது போட்டிருக்கலாமே என்று அண்ணன் கேட்டால், "போட்டுட்டா நான் மறந்தது ஒங்களுக்குத் தெரியாமப் போயிடுமே" என்பாள்.

குரலும் அதற்கேற்ற குரல். கரையில் நின்று அவள் சாதாரணமாகப் பேசினாலே போட்டில் இருப்பவனுக்குக் கேட்கும். சிரித்தால் தெரு திரும்பிப் பார்க்கும்.

எங்கள் குடும்பமோ மறைத்து மறைத்தே வாழ்ந்த குடும்பம். மறைக்க வேண்டியிருந்தது எங்கள் வீட்டை.

கருக்களாச்சேரியில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீடுகளில் ஒன்று அது. ஒரு கூடம், ஓர் அறை, அடுப்படி, மாடிக்கு ஒரு படி. அப்பா கடலுக்குப் போகிறவர். திரும்பும்போது மீனோடு வேறு ஏதாவதும் வரும். கரையில் ஒதுங்கிய மிதவை, அறுந்த கயிறு, யாரோ வீசிய ஐஸ் பெட்டி, ஒற்றைச் செருப்பு, கால் உடைந்த நாற்காலி, கிழிந்த வலை. கடைத்தெருவுக்குப் போனால் காலி டப்பா, கோணிச் சாக்கு. நிவாரணத்தில் வந்த போர்வைகளும் மண்ணெண்ணெய் அடுப்புகளும் பிளாஸ்டிக் வாளிகளும் பிரிக்காமல் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்றையும் எடுத்துப் பயன்படுத்த விடமாட்டார். ஒன்றையும் வெளியே போட விடமாட்டார்.

கடல் எல்லாவற்றையும் கொண்டுபோனதால்தான் அவர் இப்படி ஆனார் என்று ஊரில் சொல்வார்கள். அன்றைக்கு அம்மாவும் அண்ணனும் நானும் கோட்டுச்சேரியில் பெரியம்மா வீட்டில் இருந்ததால் பிழைத்தோம். அப்பா நடுக்கடலில் இருந்ததால் பிழைத்தார். கரைக்கு வந்தபோது வீடு இருந்த இடத்தில் மணல்தான் இருந்தது. ஆனால் ஊர் சொன்ன காரணத்தை அம்மா மட்டும் ஒப்புக்கொள்ளவே இல்லை. "அதுக்கு முன்னாடியும் இந்த மனுசன் இப்படித்தான். அப்ப கூரை வீடு, கடல் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போச்சு. இப்ப தளம் போட்ட வீடு. யாரு வந்து சுத்தம் பண்றது?" என்பாள்.

காய்ச்சலில் அம்மா போன பிறகு அவரைத் தடுக்க ஆளில்லை. முதலில் அறை நிறைந்தது. பிறகு கூடம். வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒரு ஆள் போகிற அளவுக்கு ஒரு சந்து மட்டும் மிஞ்சியது. வாசற்கதவு பாதிதான் திறக்கும். அதன் பின்னால் வலைச் சாக்குகள் கூரைவரை இருந்தன. யாராவது வந்து "வீட்டுல யாரு?" என்று குரல் கொடுத்தால், நானோ அண்ணனோ பாய்ந்து வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டு முற்றத்திலேயே நின்று பேசி அனுப்பிவிடுவோம். காரைக்காலில் என்னோடு காலேஜில் படித்த தோழிகள் "ஒங்க ஊருக்கு வர்றோம், கடல் பாக்கணும்" என்றால் எனக்கு அன்றைக்கே உடம்பு சரியில்லாமல் போய்விடும்.

அண்ணனுக்குப் பெண் பார்த்ததும் பேசி முடித்ததும் கோயில் மண்டபத்தில்தான். பெண் வீட்டாரை எங்கள் தெருப்பக்கமே வரவிடாமல் பார்த்துக்கொண்டோம். தாலி கட்டி முடிந்து மணப்பெண்ணை அழைத்து வந்தபோது வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். "வலது கால எடுத்து வச்சு உள்ள வாம்மா" என்றார் பெரியம்மா. வலது கால் உள்ளே போயிற்று. மீதி உடம்பு போகவில்லை. பட்டுப்புடவையும் மாலையுமாக அவள் பக்கவாட்டில் திரும்பி, மூச்சை இழுத்துப் பிடித்து நுழைந்தாள். மாலை ஒரு கம்பியில் மாட்டிக்கொண்டது. முன்னால் போன அண்ணன் சாக்குகளுக்கு நடுவே மறைந்துவிட்டிருந்தான்.

அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி அம்மா வீட்டுக்கே நடந்துவிடுவாளோ என்றும் பயந்தேன். அவள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி, "ஏங்க, இதுக்குள்ள நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். வெளியே நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. அந்த நிமிடத்திலிருந்து எனக்கு அவளைப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனவள் அங்கேயே சொல்லிவிட்டாள். "எங்க மாமனாரு வீட்டுல கால் வைக்க எடமில்லக்கா. ஒரு கப்பல் சாமான் இருக்கு."

குடத்தோடு அவள் திரும்பி வந்ததும் நான் கத்தினேன். "ஏன் இப்படி ஊர்ல எங்க மானத்த வாங்குற?"

அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "ஊருக்கே தெரிஞ்சதுதானே கலை? தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குறது நீ மட்டுந்தான்."

அவள் சொன்னது உண்மை என்பதால் எனக்குக் கோபம் இரண்டு மடங்கானது. பல நாட்கள் அவளோடு பேசவில்லை. அவள் அதையும் குழாயடியில் சொன்னாள். "எங்க நாத்தனா எங்கூட பேசாது. கோவத்துல இருக்கு."

ஆனால் இவ்வளவு பேசுகிறவள் அப்பாவைப் பற்றி ஒரு சொல் தரக்குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. ஒருமுறை அப்பா கடலுக்குப் போயிருந்த நேரத்தில் அண்ணன் துணிந்து, கூடத்திலிருந்து கொஞ்சம் சாக்குகளை இழுத்துக்கொண்டுபோய் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வந்தான். அப்பா வீட்டுக்குள் நுழைந்ததும் கண்டுபிடித்துவிட்டார். அவ்வளவு சாமான்களுக்கு நடுவே எது இல்லை என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. நேராகக் குப்பைமேட்டுக்குப் போனார். உச்சி வெயிலில், கொட்டிக் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வரத் தொடங்கினார். தெருவில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அண்ணி போனாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போய், "நீங்க அந்தச் சாக்கப் புடிங்க மாமா, நான் இத எடுத்துக்குறேன்" என்று அவரோடு சேர்ந்து எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே அடுக்கினாள். முடித்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள். "அவரு இருக்குறவரைக்கும் அவருக்குத் தெரியாம இந்த வீட்டுலேர்ந்து ஒரு ஆணி வெளிய போவக்கூடாது. எனக்கு ஒளிச்சு வைக்கவும் தெரியாது, ஒளிச்சுத் தூக்கிப் போடவும் தெரியாது."

அதற்குப் பிறகுதான் அந்தக் காலைக் கேள்வி ஆரம்பித்தது. அப்பாவுக்குக் காபி கொடுக்கும்போது, கையில் கிடைத்த ஏதாவது ஒரு பொருளைத் தூக்கிக் காட்டுவாள். "மாமா, இது இருக்கட்டுமா, போவட்டுமா?"

அப்பா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "இருக்கட்டும்" என்பார்.

"சரி, இருக்கட்டும்" என்று எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள். முகம் சுளிக்க மாட்டாள். மறுநாள் வேறொரு பொருள், அதே கேள்வி, அதே பதில். அண்ணன் கேலி செய்வான். அவளுக்கு மகள் பிறந்து, அந்தக் குழந்தைக்கு மூச்சு இழுத்தபோது, காரைக்காலில் டாக்டரிடம், "எங்க வீட்டுல சாமான் நெறைய இருக்குங்க, தூசி நெறைய" என்று என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடமும் அதையே சொன்னாள். அப்பா அன்றைக்கே குழந்தை படுக்கும் கட்டிலைச் சுற்றி இருந்தவற்றைத் தானே நகர்த்தி, பேத்திக்கு இடம் விட்டார். நகர்த்தினாரே தவிர ஒன்றையும் வெளியே விடவில்லை.

பிறகு ஒரு நாள் காலை, துணியே இல்லாமல் கம்பி மட்டும் மிஞ்சிய ஒரு குடையை அவள் காட்டினாள். அப்பா அதை விரித்துப் பார்த்தார். அதன் வழியாக வானத்தைப் பார்த்தார். "போவட்டும்" என்றார்.

அண்ணி கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றாள். "மாமா, என்னா சொன்னீங்க?"

"போவட்டும்னேன். இதுல ஒண்ணுமில்லையே."

அன்றைக்கு எங்கள் வீட்டில் கேசரி. நெய்யும் முந்திரியும் போட்டுக் கிண்டி, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பினாள். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "எங்க மாமா ஒரு கொடைய வுட்டுட்டாங்க" என்றாள். அப்பாவும் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே கேசரி சாப்பிட்டார். அவர் உயிரோடு இருந்தவரை வெளியே போன ஒரே பொருள் அந்தக் குடைதான்.

அப்பா மாரடைப்பில் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்தபோது அவரைக் கிடத்த அவர் வீட்டுக்குள் இடமில்லை. முற்றத்தில் பந்தல் போட்டு, வெளியே பெஞ்சில்தான் வைத்தோம். அழ வந்த பெண்கள் மணலில் உட்கார்ந்தார்கள். ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் அந்தப் பாதிக் கதவை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். அண்ணி அன்று வாய்விட்டு அழுதாள். அந்தக் குரலுக்கு அழுகையும் பெரியதாகத்தான் வந்தது.

காரியம் பற்றிப் பேச உறவினர்கள் உட்கார்ந்தபோது அண்ணன், "கருமாதிச் சாப்பாட்ட சமுதாயக் கூடத்துல வச்சுக்கலாம்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணி கதவருகே நின்றிருந்தாள்.

"பந்தி நம்ம வீட்டுலதான்" என்றாள்.

"இந்த வீட்டுலயா?" என்று அண்ணன் நிமிர்ந்தான்.

"ஆமா. செத்தப்பவும் அவர வெளியதான் போட்டோம். அவரு பேருல போடுற சோத்தயாச்சும் அவரு வீட்டுக்குள்ள போடுவோம். நாள் இருக்குல்ல? காலி பண்ணுவோம்."

நான் அண்ணனைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினேன். காரணம் இருந்தது. பட்டினச்சேரியில் எனக்கு ஒரு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அதுவும் கோயிலில் வைத்துப் பார்த்து, கோயிலிலேயே பேசிய சம்பந்தம்தான். மாப்பிள்ளையின் அம்மா மீன் ஏலத்தில் பேர் எடுத்தவர். ஒரு பார்வையில் கூடை மீனையும் எடை போட்டுவிடுவார் என்பார்கள். அவர்கள் கருமாதிக்கு வருவார்கள். சமுதாயக் கூடத்தில் நடந்தால் வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வீட்டில் நடந்தால்?

அன்று மாலை அடுப்படியில் அண்ணியைப் பிடித்துக்கொண்டேன். "ஒன்னால என் கல்யாணம் நின்னுடும். அப்பறம் நீதான் காரணம்."

"நின்னா நிக்கட்டும்" என்றாள் அவள்.

நான் அழுதேவிட்டேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த அளவில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "வீட்ட மறச்சு வச்சு ஒன்ன அனுப்பினா, அங்க போயும் நீ மறச்சுக்கிட்டேதான் இருக்கணும் கலை. மாமியா வர்றேன்னா வேணாம்பே. புருசன் வர்றேன்னா வேணாம்பே. புள்ள பெத்துட்டு பொறந்த வீட்டுக்கு வரும்போது எங்க படுப்பே? ஒரு தடவ பாத்துட்டாங்கன்னா முடிஞ்சு போச்சுல்ல?"

நான் எழுந்து போய்ப் படுத்துவிட்டேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் அவள் வலைச் சாக்கில் கை வைத்தபோது, மறுமுனையை நான்தான் பிடித்தேன்.

முதலில் கதவுக்குப் பின்னால் இருந்தவை வந்தன. முற்றம் நிறைந்து தெருவுக்கு வழிந்தது. தெருக்காரர்கள் தூரத்தில் நின்று பார்த்தார்கள். அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்று சத்தம் போட்டாள். "சும்மா பாக்காதீங்க, வந்து ஒரு கை புடிங்க! யாருக்கு எது வேணுமோ எடுத்துக்குங்க!" முதலில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, கோழி அடைக்க வலை கேட்டாள். பிறகு கீரைப்பாத்திக்கு வேலி போட ஒருத்தி. ஐஸ் பெட்டிக்கு ஒருவர். மிதவைக்கு ஒருவர். மத்தியானத்துக்குள் தெருவே எங்கள் வாசலில் இருந்தது. பழைய இரும்புக்காரர் வண்டியோடு வந்தார். குப்பைக்குக் கொம்யூன் பஞ்சாயத்து டிராக்டரை அண்ணியே போய்ச் சொல்லி வரவழைத்தாள்.

எல்லாமே யாருக்காவது பயன்பட்டது என்று சொன்னால் பொய். பெரும்பாலானவை மக்கியிருந்தன. நிவாரணப் போர்வைக் கட்டைப் பிரித்தால் கையில் பொடிதான் வந்தது. எலிகள் தலைமுறை தலைமுறையாக அதில் குடும்பம் நடத்தியிருந்தன. அடுப்புகள் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாக்கைத் தூக்கியபோது தேள் விழுந்தது. அண்ணி அலறிக்கொண்டே துடைப்பத்தால் அடித்தாள். பிளாஸ்டிக் வாளிகள் மட்டும் புதுசாக இருந்தன.

எலியையும் தேளையும் சமாளித்துவிட்டோம். அண்ணனைத்தான் சமாளிக்க முடியவில்லை. பகலெல்லாம் எங்களோடு சாமான்களை வெளியே தூக்கினான். பொழுது சாய்ந்ததும் பார்த்தால், அவற்றில் சிலவற்றை மெல்ல உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தான். நான் பார்த்துவிட்டுக் கத்தினேன். "இது அப்பா தன் கையால முடிஞ்ச வலை," என்றான் அவன், குற்றவாளிபோல. "இது அவரு எங்கிட்ட குடுத்துப் புடிச்சுக்கச் சொன்ன கயிறு." அவன் நின்ற நிற்பும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த விதமும் அப்பாவேதான். எனக்குப் பயமாக இருந்தது. வீட்டைக் காலி செய்துவிடுவோம், ஆனால் அது மறுபடி நிரம்பும் என்று தோன்றியது.

அண்ணி அவனைத் திட்டவில்லை. மறுநாள் காலையில் தெருவில் வேப்பமர நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டு, "ஒக்காருங்க" என்றாள். கையில் காபியைக் கொடுத்தாள். ஒரு மிதவையைத் தூக்கிக் காட்டினாள். "இது இருக்கட்டுமா, போவட்டுமா?"

அண்ணன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "ஏன் எங்கிட்ட கேக்குற?"

"மாமாகிட்ட கேட்டேன்ல? இப்ப ஒங்ககிட்ட கேக்குறேன். நீங்க வாயால சொன்னாத்தான் போவும்."

"இருக்கட்டும்."

ஒரு ஓரத்தில் வைத்தாள். அடுத்தது. "இருக்கட்டும்." அடுத்ததும் இருக்கட்டும். தெரு முழுக்க நின்று பார்த்தது. அவள் சளைக்கவில்லை, ஒவ்வொன்றையும் முதல் பொருளைக் கேட்டதுபோலவே கேட்டாள். கடைசியில் ஒற்றைச் செருப்பு ஒன்றைத் தூக்கினாள். வார் அறுந்த செருப்பு. யாருடையதோ, எந்தக் கரையிலிருந்து வந்ததோ. அண்ணன் அதை வெகுநேரம் பார்த்தான்.

"போவட்டும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துவிட்டான். அப்பா இறந்த அன்று காரியங்களைக் கவனித்துக்கொண்டு அழாமல் இருந்தவன், அந்தத் தெருவில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அண்ணி செருப்பைக் கையில் வைத்துக்கொண்டே பக்கத்தில் நின்றாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அடுத்தது காட்டு" என்றான். அதற்குப் பிறகு வேகமாகப் போயிற்று. ஒரு வலையையும் ஒரு துடுப்பையும் தவிர எல்லாவற்றுக்கும் போவட்டும் சொன்னான்.

அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் மாப்பிள்ளையின் அம்மா வந்தார். துக்கம் விசாரிக்க, சொல்லாமல் வந்துவிட்டார். ஆட்டோவிலிருந்து இறங்கியவர், நல்ல புடவையும் கையில் பையுமாக, குவியல்களுக்கு நடுவே நின்றார். எனக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது. பழக்கத்தில் கால்கள் கதவைச் சாத்தத்தான் போயின. கதவுக்கு முன்னால் இரண்டு பேர் பீரோவைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

அண்ணி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்ததில் அழுக்கு இன்னும் பரவியது. "வாங்கம்மா," என்றாள். "எங்க வீடு இன்னிக்குத் தெருவுலதான் இருக்கு. இங்கயே ஒக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். ஏலத்தில் பார்ப்பதைப் போல நிதானமாக, ஒரு மூலையும் விடாமல். "இவ்ளோவும் அந்த வீட்டுக்குள்ளயா இருந்துச்சு?"

"ஆமாங்க. எங்க மாமா சேத்து வச்சது. அதுக்குள்ளதான் ஒங்க மருமவளும் இருந்தா. இவ்ளோ எடத்துல" என்று இரண்டு கையையும் ஒரு முழ அகலத்துக்கு வைத்துக் காட்டினாள் அண்ணி. "அதுக்குள்ள ஒக்காந்துதான் காலேஜு படிச்சு பாஸ் பண்ணுனா."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு ஏன் குனிய வேண்டும் என்று நிமிர்ந்தேன். அண்ணி கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கி அப்படியே கீழே வைத்தார். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார்.

"முடிஞ்சுது" என்றேன் நான். "போயிட்டு வர்றேன்னுகூட சொல்லல."

"துக்க வீட்டுல யாரு சொல்லிட்டுப் போவா?" என்றாள் அண்ணி. ஆனால் அவள் முகத்திலும் கலக்கம் இருந்தது. எதையும் மறைக்கத் தெரியாத முகம் அது. அன்று சோறு அவளுக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் தெருமுனையில் ஒரு குட்டியானை வண்டி திரும்பியது. பின்னால் நான்கைந்து பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் டிரைவர் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா. இன்று சாயம்போன புடவை. இறங்கியதும் முந்தானையை இழுத்துச் செருகினார். "நேத்தே கை வச்சிருப்பேன்," என்றார் அண்ணியிடம். "நல்ல பொடவ கட்டிக்கிட்டு வந்துட்டேன். அந்த உள் ரூம்ப இன்னும் தொடலல்ல? வாங்கடி."

அண்ணி போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன.

உள் அறையின் கடைசிக் குவியலை எடுத்தபோது சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே நாங்கள் மறந்துவிட்டிருந்தோம். கொக்கி துருப்பிடித்து இறுகியிருந்தது. அண்ணி சுத்தியலால் அடித்தாள், நான் இழுத்தேன், மாப்பிள்ளையின் அம்மா பின்னாலிருந்து, "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு" என்று ஏலம் போட்டார். பட்டென்று திறந்தது. அங்கிருந்து கடல் தெரியாது. ஆனால் காற்று வந்தது. உப்பு வாசனையோடு உள்ளே புகுந்து, அறையைக் கடந்து, கூடத்தைக் கடந்து, வாசற்கதவைத் தள்ளியது. கதவு முழுசாகத் திறந்து சுவரில் மோதி நின்றது. அத்தனை வருடம் அந்த வீட்டில் இருந்தும் அங்கே காற்று வரும் என்று எனக்குத் தெரியாது.

வெறும் கூடத்தில் நடந்தால் எங்கள் காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அண்ணி நடுவில் நின்று, "கலை!" என்று கூப்பிட்டாள். வீடு திருப்பிக் கூப்பிட்டது. நான் "அண்ணி!" என்று கூப்பிட்டேன். அண்ணன் வந்து எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, தானும் ஒருமுறை குரல் கொடுத்துப் பார்த்தான். கூப்பிட்டது அப்பாவை.

அப்புறம் கழுவினோம். கழுவக் கழுவக் கறுப்புத் தண்ணீர் வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தோம். கருமாதி அன்று கூடத்தின் சுவரோரம் அப்பாவின் படம், மாலை, படையல். பாய் விரித்து, இலை போட்டு, முதல் பந்தி உட்கார்ந்தது. நிவாரண வாளிகளில் சாம்பாரும் ரசமும் மோரும் வந்தன. அப்பாவோடு ஒரே போட்டில் போனவர்கள், அத்தனை வருடம் பக்கத்துத் தெருவில் இருந்தவர்கள், முதல்முறையாக அந்த வீட்டின் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை நின்று, நாலு சுவரையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். பந்தி எழுந்ததும் அடுத்த பந்தி. அதற்கடுத்தது. அண்ணன் ஒவ்வொரு இலையாக நின்று, "இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று கேட்டுக்கொண்டே நடந்தான். வீட்டுக்கு வந்தவர்களை உபசரிக்க அவனுக்கு அது முதல் வாய்ப்பு.

மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மாப்பிள்ளையின் அம்மா கூடத்தின் நடுவில் நின்று நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்தார். "கல்யாணத்துக்கு மண்டபம் எதுக்கு?" என்றார் அண்ணனிடம். "வாசல்ல பந்தல், உள்ள பந்தி. பத்தாதா?" அண்ணன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். "பத்தும்!" என்றது அடுப்படியிலிருந்து ஒரு குரல்.

எல்லோரும் சாப்பிட்டு முடிந்தும் ஆட்கள் போகவில்லை. அப்பாவின் கூட்டாளிகள் ஜன்னல் காற்றுக்குப் பாயில் சாய்ந்தார்கள். பேச்சு மெல்லக் குறைந்தது. கொஞ்ச நேரத்தில் கூடம் முழுக்கக் குறட்டை. நானும் அண்ணியும் அடுப்படி நிலையில் உட்கார்ந்து கடைசியாகச் சாப்பிட்டோம். அவள் ஒரு வாய் எடுத்துவிட்டு நிறுத்தினாள்.

"வடையில உப்பு இல்ல," என்றாள். "நான்தான் மாவுக்குப் போட மறந்துருக்கேன். யாருமே சொல்லல பாரு."

"வீட்டப் பாத்த ஆச்சரியத்துல மறந்துட்டாங்க போலிருக்கு."

அவள் கூடத்தைப் பார்த்தாள். வேட்டி விலகி, வாய் பிளந்து, வரிசையாகத் தூங்கும் ஊரைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீடாயிற்றே என்று நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். அவளும் முந்தானையை வாயில் வைத்து முயற்சி செய்து பார்த்தாள். முடியவில்லை. அவளால் எதைத்தான் மறைக்க முடிந்தது? அந்தச் சிரிப்பு வெடித்து, வெள்ளையடித்த சுவர்களில் மோதி, வீடு முழுக்கச் சுற்றியது. கடைசிப் பாயில் படுத்திருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, "என்னம்மா, அடுத்த பந்தியா?" என்று கேட்டார்.

"ஆமாங்க மாமா," என்றாள் அண்ணி. "ஒக்காருங்க. பாயசம் இருக்கு."